எனக்கு அழுகை சீக்கிரம் வந்துவிடும், நான் சமூகப்பணிக்கு லாயக்கா?

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டிலிருந்து, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றிலிருந்து, வந்த கடிதம் இது. எழுதியவருக்கு 23 வயது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, சாரத்தை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

இவருடைய தாத்தாவும் பாட்டியும் 1970-களில் இலங்கையில் கண்டிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து தாயகம் திரும்பியவர்கள். அப்பா இல்லை. அம்மா இன்றும் கொழுந்து பறிக்கப் போகிறார். இவர் பி.காம். முடித்துவிட்டு ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து எடைக் கணக்கு எழுதுகிறார். மாலையில் லைனில் உள்ள 14 பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார். முதியோர் உதவித்தொகை, ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ் என்று எந்த மனு எழுத வேண்டுமென்றாலும் பெரியவர்கள் தகரப் பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்த பழைய பாஸ்போர்ட்டையும் தாயகம் திரும்பியவர்களை முதலில் தங்கவைத்த மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையையும் எடுத்துக்கொண்டு இவரிடம்தான் வருகிறார்கள்.

எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணியில் முதுகலை, படிக்க வேண்டும் என்பது இவருடைய ஆசை. கூடவே தயக்கங்களும் இருக்கின்றன. யாராவது கஷ்டத்தைச் சொன்னால் சொல்கிறவருக்கு முன்னால் இவருக்குக் கண்ணீர் வந்துவிடுகிறது. நாலு பேர் நடுவில் பேச வராது. மைக் பிடித்துப் பேசத் தெரிந்தவர்களுக்குத்தான் இந்த வேலை என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்கிறார்கள். “நல்ல மனசு இருந்தால் போதாதா, இதற்கென்று ஒரு படிப்பு எதற்கு?” என்றும் இவரே கேட்கிறார். “ஊர் வேலை பார்த்தா நம்ம வீட்டுல உலை கொதிக்குமா?” என்பது அம்மாவின் கேள்வி.

இரண்டு சம்பவங்களையும் எழுதியிருக்கிறார். பக்கத்து வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தவித்தபோது தன் சேமிப்பிலிருந்து 4,000 ரூபாய் கொடுத்தார். இப்போது அந்த அக்கா இவரைக் கண்டால் குழாயடியிலிருந்து திரும்பிப் போய்விடுகிறார். அவருடைய பையன் டியூஷனுக்கு வருவதையும் நிறுத்திவிட்டான். அடுத்தது, டியூஷனுக்கு வந்த 15 வயதுப் பெண். மாமன் மகனோடு தனக்குக் கல்யாணம் பேசிவிட்டார்கள் என்று இவரிடம் சொல்லி, யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டது. மூன்று இரவு தூங்காமல் இருந்து, நாலாம் நாள் பள்ளித் தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டார். அதிகாரிகள் வந்தார்கள், கல்யாணம் நின்றது. அந்தப் பெண் இப்போது இவரிடம் பேசுவதில்லை. பெண்ணின் அம்மா லைன் முழுக்க, “வீட்டைக் கெடுத்தவ” என்று சொல்கிறார். “நான் செய்தது தப்பா அக்கா? அந்த வீட்டுப் பக்கம் இனி நான் போகலாமா?” என்று கடிதம் முடிகிறது.

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்த இடம் அந்தத் தகரப் பெட்டி. 1964-இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபோது, இந்தியாவுக்கு அனுப்ப வேண்டியவர்கள் என்று 5,25,000 பேரைக் கணக்கிட்டார்கள். அவர்களில் ஒருவரிடமும் எங்கே போக விருப்பம் என்று உட்கார்ந்து கேட்டுவிட்டு அந்த எண்ணை எழுதவில்லை. கப்பலேறி வந்து மண்டபம் முகாமுக்குப் போன உங்கள் பாட்டிக்கு அந்த அட்டையைப் படித்துக் காட்ட ஆள் இருந்ததோ என்னவோ. இன்று அதே அட்டையை நீங்கள் வாசித்து, அதில் ‘வீராயி’ என்றும் ஆதாரில் ‘வீரம்மா’ என்றும் இருப்பதைக் கவனித்து, இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க என்ன வேண்டும் என்று தாலுகா அலுவலகத்தில் விசாரித்துக்கொண்டு வருகிறீர்கள். மாதம் 1,200 ரூபாய் உதவித்தொகை வருமா வராதா என்பது பல நேரம் இந்த ஒரு பெயர் வித்தியாசத்தில் தொங்கும். அது தெரிந்துவிட்டது என்றால் இந்தத் தொழிலின் வாசற்படியில் ஏற்கெனவே நிற்கிறீர்கள்.

நல்ல மனசு போதாதா என்ற கேள்விக்கு வருகிறேன். சமூக சேவை வேறு, சமூகப்பணி வேறு. பசித்தவருக்குச் சோறு போடுவது சேவை, அது உயர்ந்தது, அதற்கு யாரும் படிக்க வேண்டாம். அந்த வீட்டில் ஏன் மாதத்தின் கடைசி வாரம் மட்டும் உலை ஏறுவதில்லை, அந்த வீட்டுக்காரர் அதை மாற்ற என்ன நினைக்கிறார், அரசிடமிருந்து அவருக்கு வர வேண்டியது எங்கே தேங்கி நிற்கிறது என்று அவரோடு சேர்ந்து தேடுவது சமூகப்பணி. இது கற்றுக்கொள்ள வேண்டிய வேலை என்று உணர்ந்துதான் 1936-இலேயே மும்பையில் டாடா அறக்கட்டளை இதற்கென ஒரு கல்விக்கூடம் தொடங்கியது. சென்னையில் 1952-இல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் வந்தது. நல்ல மனசு உங்களை அந்த வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விடும். உள்ளே போன பிறகு என்ன செய்வது, எதைச் செய்யாமல் இருப்பது என்பதைப் பயிற்சிதான் சொல்லித்தரும். நல்ல மனசோடு போய்க் கெடுத்துவிட்டு வந்த கதை என்னிடமே இருக்கிறது. கீழே சொல்கிறேன்.

அழுகையும் அந்த 4,000 ரூபாயும்

கண் கலங்குவது தகுதிக் குறைவே இல்லை. 26 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், இன்றும் எனக்குக் கலங்குகிறது. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எதிரில் இருக்கிறவர் தன் கதையை நிறுத்திவிட்டு, “அழாதே கண்ணு” என்று உங்கள் கையைப் பிடிக்கும்படி ஆனால், அந்த நிமிடம் அவருடைய நேரம் உங்களுடையதாகிவிடுகிறது. அழுகை வரும்போது பேசாதீர்கள். மூச்சை மெதுவாக விட்டு, காலைத் தரையில் நன்றாக ஊன்றி, அவர் கடைசியாகச் சொன்ன வார்த்தையை மனசுக்குள் ஒரு முறை சொல்லிப் பாருங்கள். கவனம் அவரிடம் திரும்பிவிடும். பயிற்சிக் காலத்தில் வாரம் ஒரு முறை மேற்பார்வையாளரோடு உட்காருவீர்கள். அன்று பார்த்ததை, உங்களை உலுக்கியதை, கோபம் வந்ததை எல்லாம் அங்கே பேசலாம். வேலையில் சேர்ந்த பிறகும் அப்படி ஒரு மூத்தவரைப் பிடித்துக்கொள்ளாதவர்கள் மூன்று நாலு வருடத்தில் ஒன்று வேலையை விட்டுவிடுகிறார்கள், அல்லது மனசை மூடிக்கொண்டு வேலையை மட்டும் செய்கிறார்கள். இரண்டாவதைத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

பணம் கொடுத்ததைப் பற்றி நீங்கள் வருத்தப்படுகிறீர்கள், அந்த அக்கா நன்றியில்லாமல் நடந்துகொள்வதாக நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. திருப்பித் தர முடியாத கடன் ஒருவரைத் தலைகுனிய வைக்கும். உங்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த 4,000 ரூபாய்தான் அவர் கண்ணுக்குத் தெரியும். அதனால்தான் குழாயடியிலிருந்து திரும்புகிறார். பையனையும் அதனால்தான் நிறுத்தியிருப்பார். அன்று அவருக்கு அவசரம், கொடுத்தீர்கள், ஒரு அண்டை வீட்டுப் பெண்ணாக அது சரிதான். ஆனால் தொழிலாகச் செய்யும்போது கைக்காசைக் கொடுப்பதில்லை என்பது எங்களுக்கு விதி. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பார்ப்போம், ஆஸ்பத்திரியில் அதற்கான கவுண்டர் எது என்று கூடப் போய்க் காட்டுவோம், தோட்ட நிர்வாகத்திடம் முன்பணம் கேட்க எழுத உதவுவோம். கல் மனசு என்று தோன்றும். அடுத்த முறை அதே அக்கா தலைநிமிர்ந்து உங்களிடம் வர வேண்டும் என்பதற்காகத்தான் இந்த விதி. இப்போதைக்கு, அந்தக் காசைப் பற்றி இனி பேச்சே இல்லை என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அதுவும் தனியாக இருக்கும்போது.

பேச வராது என்கிறீர்கள்

மேடைப் பேச்சு இந்த வேலையில் எப்போதாவது தேவைப்படும், பழகினால் வந்துவிடும். தினமும் தேவைப்படுவது கேட்கிற காது. கேட்பது என்றால், அடுத்து என்ன ஆலோசனை சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே தலையாட்டுவதைச் சொல்லவில்லை. அவர் நிறுத்திய இடத்தில் நீங்களும் நின்று, அரை நிமிட மௌனத்தைத் தாங்குவது. நிறையப் பேசிப் பழகியவர்களுக்கு இதுதான் கஷ்டம். உங்களுக்கு இது சுலபமாக வரும்.

நான் கெடுத்த கதைக்கு வருகிறேன். வேலையில் சேர்ந்த முதல் வருடம், பந்தலூர்ப் பக்கம் பணியர் என்ற பழங்குடியினரின் குடியிருப்பு ஒன்று. அங்கே ஒரு பாட்டி ஒழுகுகிற குடிசையில் இருந்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. நாலு மாதம் அலைந்தேன். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் அவர் சார்பில் நானே நின்று பேசினேன், மனுவை நானே எழுதினேன், கைநாட்டு மட்டும் அவருடையது. அரசு கட்டித்தரும் தொகுப்பு வீடு வந்தது. கட்டி முடித்து ஒரு மழைக்காலம் கழித்துப் போய்ப் பார்த்தால், புது வீட்டில் ஆடுகள் நிற்கின்றன. பாட்டி பழைய குடிசையிலேயே அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஏன் பாட்டி என்றேன். புது வீட்டில் அடுப்பு எங்கே வைப்பது, புகை போக வழியில்லை, ராத்திரி குளிர் தாங்காது என்றார். இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். “நீ கேக்கலயே” என்றார். குரலில் கோபமே இல்லை. அந்த நாலு மாதத்தில் எத்தனையோ நாள் அவர் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கட்டஞ்சாயா (பால் சேர்க்காத தேநீர்) குடித்திருக்கிறேன். அவர் இரவும் பகலும் அந்த நெருப்பை அணையவிடாமல் வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். கண்ணால் பார்த்ததைக் கேள்வியாக மாற்ற எனக்குத் தெரியவில்லை. என் இரக்கம் அவரைவிட வேகமாக ஓடிவிட்டது.

இதைச் சொல்வதற்கு இன்னொரு காரணம், உங்கள் கடிதத்தில் உள்ள ஒரு வரி: “படித்து முடித்து, பழங்குடி மக்களுக்கு விழிப்புணர்வு கொடுத்து அவர்களை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும்.” நல்லெண்ணத்தோடு எழுதியிருக்கிறீர்கள் என்று தெரியும். ஆனாலும் இந்த எண்ணத்தை இப்போதே கொஞ்சம் தட்டிப் பாருங்கள். தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று அரசு பட்டியலிட்டிருக்கும் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்ற ஆறு பிரிவினரும் நீலகிரியில் இருக்கிறார்கள். காட்டையும் மழையையும் மருந்தையும் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததில் கால்வாசி எனக்குத் தெரியாது. 1988-இல் கூடலூர் வீதியில் ஆயிரக்கணக்கான ஆதிவாசிகள் தங்கள் நிலத்தைக் கேட்டு ஊர்வலம் போனார்கள். அந்த ஊரில் உள்ள ஆதிவாசி மருத்துவமனையில் ஆதிவாசிப் பெண்களே பயிற்சி பெற்று நர்ஸாக நிற்கிறார்கள். பரம்பரையாக வரும் அரிவாள் செல் ரத்தசோகை யார் வீட்டில் இருக்கிறது, யார் மாத்திரையை நிறுத்திவிட்டார் என்று அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். உங்கள் பாட்டியிடம் யாராவது வந்து, “உன்னை முன்னுக்குக் கொண்டுவருகிறேன்” என்று சொல்லியிருந்தால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்? அந்த இடத்திலிருந்து யோசியுங்கள்.

கொடுத்த சத்தியம்

நீங்கள் மூன்று இரவு தூங்காமல் இருந்த விஷயம் இது. நீங்கள் தலைமையாசிரியையிடம் சொன்னது சரி. சந்தேகமே வேண்டாம்.

குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 2006-இன்படி, பெண்ணுக்கு 18 வயதும் ஆணுக்கு 21 வயதும் நிரம்பாமல் நடத்துவது குழந்தைத் திருமணம். நடத்தி வைப்பவருக்கும், துணை போகிற பெற்றோருக்கும் உறவினருக்கும் 2 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். பெண்களுக்குச் சிறைத் தண்டனை கிடையாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. அந்தப் பெண்ணின் அம்மா போலீஸ் பிடித்துப்போகும் என்ற பயத்தில்தான் உங்களைத் திட்டிக்கொண்டிருக்கிறார் என்றால், இந்தச் செய்தி அவர் காதுக்குப் போவது நல்லது. மாவட்ட சமூகநல அலுவலர்தான் இதற்கான தடை அலுவலர். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் செய்தாலும் போதும்.

தவறு நடந்தது முன்னால், சத்தியம் செய்த இடத்தில். ஒரு குழந்தை “யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல” என்று கேட்கும்போது, அது மேற்கொண்டு பேச வேண்டும் என்பதற்காக நாம் எல்லோருமே “சொல்ல மாட்டேன்” என்றுவிடுவோம். காப்பாற்ற முடியாத வாக்கு அது. கல்யாணத்தில் சட்டம் உங்களைச் சொல்லியே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை என்றே வைத்துக்கொள்வோம். பாலியல் தொந்தரவு நடந்ததாக ஒரு குழந்தை உங்களிடம் சொல்லியிருந்தால் நிலைமை வேறு. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவின்படி, தெரிந்தவர் யாராக இருந்தாலும் காவல்துறையிடம் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் 6 மாதம் வரை சிறைக்கு இடமுண்டு. டியூஷன் டீச்சருக்கும் அது பொருந்தும்.

நாங்கள் பயிற்சியில் வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இப்படி: “நீ சொல்றதை நான் ஊர்ல பேச மாட்டேன். ஆனா உனக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா, உன்னைக் காப்பாத்தக்கூடிய ஒருத்தர்கிட்ட சொல்லித்தான் ஆகணும். அப்படிச் சொல்றதா இருந்தா, முதல்ல உன்கிட்ட சொல்லிட்டுத்தான் போவேன்.” கடைசி வாக்கியம் முக்கியம். நீங்கள் அந்த நாலாம் நாள் காலையில் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால், அந்தப் பெண்ணிடம், “என்னால இதை மறைக்க முடியல, இன்னிக்கு டீச்சர்கிட்ட சொல்லப்போறேன்” என்று சொல்லியிருந்தால் அவள் அழுதிருப்பாள், உங்களைத் திட்டியும் இருப்பாள். ஆனால் ஜீப் வந்து வாசலில் நின்றபோது அவளுக்குத் திகைப்பு இருந்திருக்காது. அவள் கோபம் கல்யாணம் நின்றதற்காக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. தனக்குத் தெரியாமல் நடந்ததே என்ற கோபம்.

ஜீப் என்றதும் இன்னொன்று. கோயம்புத்தூரில் ஒருவர் ஆலோசனை மையத்துக்குப் போய்விட்டு வந்தால் எதிர் வீட்டுக்குக்கூடத் தெரியாது. நம் மலையில் ஒரே மினி பஸ், ஒரே ரேஷன் கடை, ஒரே குழாயடி. அரசு வண்டி லைனுக்குள் திரும்பினாலே யார் வீட்டுக்கு, எதற்கு, யார் சொன்னது என்பது சாயங்காலத்துக்குள் ஊர்க்கதை. அதனால் இங்கே வேலை செய்கிறவர் ரகசியத்தைக் காப்பது வாயை மூடிக்கொள்வதோடு முடிவதில்லை. எங்கே சந்திப்பது, எந்த நேரம், வண்டியை எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் சேர்ந்தது. நான் பல குடும்பங்களைப் பள்ளியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோதான் பார்ப்பேன். அங்கே யாரும் எதற்கும் போவார்கள்.

கல்யாணம் நின்றதோடு வேலை முடிந்துவிட்டதாக எல்லோரும் போய்விட்டார்கள் என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. அது எனக்குக் கவலையாக இருக்கிறது. நிறுத்திய கல்யாணம் ஆறு மாதம் கழித்து வேறு ஊரில் சொந்தக்காரர் வீட்டில் சத்தமில்லாமல் நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஊட்டியில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது. அந்தப் பெண் பள்ளிக்கு வருகிறாளா என்று தொடர்ந்து பார்க்கச் சொல்லித் தலைமையாசிரியை மூலமாகவே கேளுங்கள், உங்கள் பெயர் வர வேண்டியதில்லை. அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும் என்பதை அந்த அம்மாவுக்கு யாராவது பொறுமையாக விளக்கட்டும். பெண்ணை வீட்டில் வைத்துக் காப்பது பயம் என்று நினைக்கிற தாய்க்கு, “சட்டப்படி குற்றம்” என்று சொல்வதைவிட இது கையில் பிடிக்க ஏதாவது கொடுக்கும்.

கணக்கு எழுதுகிற கை

கொழுந்து எடைக் கணக்கு எழுதுவதை உங்கள் கடிதத்தில் ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது. பை எடை எவ்வளவு, மழை நாளில் ஈரத்துக்கு எவ்வளவு கழிக்கிறார்கள், அந்தக் கழிவு யாருடைய கூலியைக் குறைக்கிறது என்று தினமும் பார்க்கிறீர்கள். ஒரு எண்ணைத் தவறாகப் போட்டால் ஒரு அக்காவின் அரை நாள் போய்விடும் என்று தெரிந்து எழுதுகிறீர்கள். சமூகப்பணியாளரின் பதிவேடும் அப்படித்தான்.

புதிதாக வருகிறவர்கள் இப்படி எழுதுவார்கள்: “கணவர் குடிகாரர். குடும்பம் பிள்ளையின் படிப்பில் அக்கறை காட்டவில்லை.” இதை நான் அடித்துவிட்டு இப்படி எழுதச் சொல்வேன்: “இந்த மாதம் கணவர் 11 நாள் வேலைக்குப் போகவில்லை என்று மனைவி சொன்னார். பையன் 9 நாள் வரவில்லை என்று வகுப்பாசிரியர் பதிவேட்டைக் காட்டினார். நான் போனபோது வீட்டில் அரிசி இருந்தது. பையன் தங்கைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தான்.” முதலாவது ஒரு தீர்ப்பு. அது, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தை எங்கே இருக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவின் மேசைக்குப் போனால் அந்த வீட்டையே உடைக்கலாம். இரண்டாவதில் யார் சொன்னது, யார் காட்டியது, நான் கண்ணால் பார்த்தது எது என்று தனித்தனியாக நிற்கிறது. தங்கைக்குச் சோறு ஊட்டிய பையன் ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்ற கேள்வியும் அதிலிருந்தே பிறக்கிறது. இப்போதே ஒரு நோட்டுப் போட்டு, டியூஷன் பிள்ளைகளைப் பற்றி, பெயர் எழுதாமல், இப்படி எழுதிப் பழகுங்கள். வீட்டில் பூட்டி வையுங்கள்.

இதோடு சேர்ந்த சின்னச் சின்னத் திறமைகளும் உண்டு. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று ஒரு மனு எந்த வழியாகப் போகும் என்று தெரிந்திருப்பது உங்களுக்குக் கைவந்துவிட்டது. படுகர்கள் பேசும் படுகு மொழி புரியும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஜார்க்கண்டிலிருந்து வந்து தோட்டங்களில் தங்கியிருக்கும் குடும்பங்கள் இப்போது அதிகம், கொஞ்சம் இந்தி பேசக் கற்றுக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை வருகிறேன் என்று சொன்னால் மழை பெய்தாலும் வியாழக்கிழமை போய் நிற்பது, முடியாவிட்டால் முன்னாலேயே சொல்லி அனுப்புவது. நம்மை ஏற்கெனவே நிறையப் பேர் ஏமாற்றியிருக்கிறார்கள் என்று நினைக்கிற மக்களிடம் இந்த ஒரு பழக்கம்தான் செல்லும். தனியாக வீடு பார்க்கப் போகும்போது எங்கே போகிறேன், எந்த பஸ்ஸில் திரும்புகிறேன் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். இருட்டியபின் காட்டெருமை நிற்கிற பாதையில் தைரியம் காட்ட வேண்டியதில்லை.

அம்மாவின் கேள்வி

உலை கொதிக்குமா என்று அம்மா கேட்பது நியாயமான கேள்வி. அவரைச் சமாதானப்படுத்துவதற்காகப் பெரிய சம்பளம் என்று சொல்லிவிடாதீர்கள். தொண்டு நிறுவனங்களில் தொடக்கச் சம்பளம் நீங்கள் இப்போது வாங்குவதைவிடப் பெரிதாக இருக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். திட்ட நிதி முடிந்தால் வேலையும் முடிந்துவிடும். குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், மாவட்ட மனநலத் திட்டம் போன்ற அரசு சார்ந்த இடங்களிலும் பெரும்பாலும் ஒப்பந்தப் பணிதான். மருத்துவமனைகள், பெரிய நிறுவனங்களின் சமூகப் பொறுப்புப் பிரிவுகள் கொஞ்சம் நிலையாக இருக்கும். மனநலத் துறையில் போக வேண்டுமென்றால், மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன்படி எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு மேல் 2 ஆண்டு எம்.ஃபில். வேண்டும். அந்தத் தகுதிக்கு மதிப்பு அதிகம்.

எம்.எஸ்.டபிள்யூ. 2 ஆண்டு. எந்த இளங்கலைப் பட்டமும் போதும், உங்கள் பி.காம். தடையில்லை. கோயம்புத்தூரில் பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி உள்பட சில கல்லூரிகளில் இருக்கிறது. வாரத்தில் சில நாள் களப்பணிக்கே போய்விடும் என்பதால், வேலை பார்த்துக்கொண்டே நேரடிப் படிப்பு முடியாது. 2 ஆண்டுக்கு வீட்டுச் செலவை அம்மாவின் கூலி மட்டும் தாங்குமா என்று இருவரும் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். தாங்காது என்றால் இக்னோவில் தொலைநிலையில் படிக்கலாம், களப்பணியை மட்டும் ஒப்புக்குச் செய்துவிடாதீர்கள். சாதி, வருமானம் பொறுத்துக் கல்வி உதவித்தொகை கிடைக்கும். ஊருக்கெல்லாம் சாதிச் சான்றிதழுக்கு எழுதிக்கொடுக்கும் நீங்கள் உங்களுடையதை எடுத்து வைத்திருக்கிறீர்களா? ‘ஆறு மாத டிப்ளமா, உடனே வேலை’ என்று வரும் விளம்பரங்களை நம்பி பணம் கட்டாதீர்கள். வக்கீலுக்கு பார் கவுன்சில் இருப்பதுபோல் எல்லாச் சமூகப்பணியாளரையும் பதிவு செய்து கண்காணிக்கும் மன்றம் நம் நாட்டில் இன்னும் வேர்விடாததால் இப்படி நிறைய முளைக்கிறது.

இந்த வருடமே சேர வேண்டும் என்று அவசரமில்லை. சேர்வதற்கு முன்னால், இந்த வேலையில் இருக்கும் யாராவது ஒருவரோடு நாலைந்து சனிக்கிழமை கூடப் போய்ப் பாருங்கள். திரும்பி வரும்போது உங்களுக்கு அலுப்பு மட்டும் இருக்கிறதா, அடுத்த வாரம் அந்த வீட்டில் என்ன ஆகும் என்ற நினைப்பும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அந்த வீட்டுப் பக்கம் போகலாமா என்று கேட்டீர்கள். அந்தப் பெண் தன் ஜியாமெட்ரி பாக்ஸை உங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனதாகவும், அதை எடுத்துப் பார்த்து அழுததாகவும் எழுதியிருந்தீர்கள். அதைக் கொண்டுபோய்க் கொடுங்கள். பகலில், அவள் அம்மா வீட்டில் இருக்கும்போது போங்கள். உள்ளே கூப்பிட்டால் ஒழிய வாசலிலேயே நில்லுங்கள். அம்மா திட்டினால் பதில் பேச வேண்டாம், நியாயமும் சொல்ல வேண்டாம். அந்தப் பெண் வெளியே வந்தால், “உன்கிட்ட சொல்லாம போனது என் தப்பு” என்று மட்டும் சொல்லுங்கள். கல்யாணத்தை நிறுத்தியதற்கு மன்னிப்புக் கேட்காதீர்கள். டியூஷன் எப்போதும் போல ஆறு மணிக்கு இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பாக்ஸைக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். அவள் வருகிறவரைக்கும் அவள் உட்காருகிற இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.